தெஹிவளையில் ஓர் அனெக்ஸ் வீடு



கிழக்கிலோ வடமேற்கிலோ மலையகத்திலோ வாழும் நம் குடும்பங்களில் கொழும்புக்குப் போகாத குடும்பம் இல்லை. பெருநாள் உடுப்பு வாங்கப் போவது ஒரு நாள் பயணம். கடவுச்சீட்டு எடுக்கப் போவது இரண்டு நாள் பயணம். அதற்கெல்லாம் ஓர் உறவினர் வீட்டுத் திண்ணையும் ஒரு பாயும் போதும். ஆனால் மாதக் கணக்கில் அங்கே தங்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? மகளுக்கு அங்கே படிப்புக் கிடைக்கலாம். மருமகனுக்கு வேலை மாற்றம் வரலாம். வீட்டில் ஒருவருக்கு நீண்ட வைத்தியம் தேவைப்படலாம். அப்போது எந்த உறவினர் வீட்டுக் கதவையும் இரண்டு மாதத்திற்குத் தட்டிக் கொண்டிருக்க முடியாது. அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் முடியாது.

எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்றாவது தேவை. 2023ஆம் ஆண்டு என் ராத்தாவுக்கு மார்பில் சத்திர சிகிச்சை நடந்தது. அதன்பின் மஹரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சை பெற வேண்டும் என்றார்கள். இந்தச் சிகிச்சையைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதற்காகப் பெரும்பாலும் வாட்டில் படுக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஐந்து நாட்கள், பல வாரங்கள் தொடர்ந்து போக வேண்டும். இயந்திரத்தின் கீழ் இருப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காக ஒவ்வொரு நாளும் அங்கே நிற்க வேண்டும். அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவு முழுவதும் பஸ் பயணம். எனவே நாள்தோறும் போய்வருவது நடக்காத காரியம். மட்டக்களப்பிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆயினும் ராத்தாவை வைத்தியர்கள் மஹரகமவுக்கே அனுப்பினார்கள்.

ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது பெரிய வீடு அல்ல. இரண்டு பெண்கள் படுக்க ஓர் அறை, கஞ்சி காய்ச்ச ஒரு மூலை, பிறர் பார்வை படாமல் குளிக்கவும் வுழூச் செய்யவும் ஒரு குளியலறை. இதைத்தான் கொழும்பில் 'அனெக்ஸ்' என்கிறார்கள். அதைத் தேடிய கதையையும், தேடும்போது அறிந்துகொண்ட விபரங்களையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் தெஹிவளை?

மஹரகமவிலேயே, வைத்தியசாலையைச் சுற்றி, நோயாளர்கள் தங்குவதற்கான அறைகள் இருக்கின்றன. தொண்டு மனப்பான்மையுடன் நடத்தப்படும் தங்குமிடங்களும் உண்டு. அங்கே இடம் கிடைத்தால், வசதியைப் பொறுத்தவரை அதுவே சிறந்தது. ஆனால் ராத்தா ஒரு விடயத்தில் உறுதியாக இருந்தாள். "எனக்கு பாங்கு கேக்கணும். தமிழ்ல கதைக்க ஒரு ஆள் வேணும். சுத்தி முழுக்க வருத்தக்காரரையே பாத்துக்கிட்டு இருந்தா நான் இன்னும் வருத்தக்காரியாயிடுவன்" என்றாள். அந்தச் சொல்லுக்கு மேல் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே காலி வீதியில் சுமார் 10 கிலோமீற்றர் போனால் தெஹிவளை. வெள்ளவத்தைக்கும் கல்கிசைக்கும் இடையில் இருக்கிறது. மேற்கே கடல். கடலை ஒட்டியே ரயில் பாதை. ரயில் பாதைக்கும் காலி வீதிக்கும் இடையில் சிறு சிறு ஒழுங்கைகள். காலி வீதிக்குக் கிழக்கே களுபோவிலை, நெடிமால போன்ற பகுதிகள். களுபோவிலையில் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை இருக்கிறது. இன்னொரு பக்கம் நாடறிந்த மிருகக்காட்சிசாலை. ஹாகன்பெக் என்ற ஜேர்மனியர் தனியார் சேகரிப்பாகத் தொடங்கிய இதனை 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் பொறுப்பேற்றது. சிறுவயதில் பாடசாலைச் சுற்றுலாவில் யானையும் குரங்கும் பார்க்க வந்த ஊரில், இப்போது குடியிருக்க வந்திருக்கிறோம் என்று ராத்தா சிரித்துக் கொண்டாள்.

முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர், பறங்கியர் என்று எல்லோரும் கலந்து வாழும் பகுதி இது. பள்ளிவாசல்கள் உண்டு, கோயில் உண்டு, விகாரை உண்டு, தேவாலயம் உண்டு. ஹலால் இறைச்சிக் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழில் கதைத்தால் திரும்பிப் பார்ப்பவர் இல்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, போக்குவரத்து வசதி. தெஹிவளையிலிருந்து மஹரகமவுக்கு 119ஆம் இலக்க பஸ் ஓடுகிறது. பெல்லன்வில, பொரலஸ்கமுவ ஆகிய இடங்கள் அந்த வீதியிலேயே வருகின்றன. தூரம் 10 கிலோமீற்றருக்கும் குறைவுதான். காலை நெரிசலில் அது நீண்டு போகும் என்பது வேறு கதை. கொழும்பின் உள்ளே போக வேண்டுமானால் காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் எந்நேரமும் கிடைக்கும். இந்த இலக்கங்களை மனதில் வைத்துக் கொள்ளுங்கள் சகோதரிகளே. கொழும்பில் புதிதாகக் குடியேறும் பெண்ணுக்கு ஊர்களின் பெயர்களைவிட பஸ் இலக்கங்களே அதிகம் உதவும்.

அனெக்ஸ் என்றால் என்ன?

மேல்நாடுகளில் 'ஸ்டூடியோ' என்று ஓர் அறை வீட்டைச் சொல்வார்கள். படுப்பதும் சமைப்பதும் இருப்பதும் ஒரே அறைக்குள். நம் கொழும்பில் மாடிக் கட்டடங்களில் இப்போது அந்தப் பெயரிலேயே வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் புறநகரில் பழைய வழக்கம் அனெக்ஸ்தான். சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியைப் பிரித்து, தனி வாசல் வைத்து, ஒரு சிறு குசினியும் குளியலறையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். சில இடங்களில் அது வீட்டின் பின்பக்கம். சில இடங்களில் மேல் மாடி. சில இடங்களில் ஒரு காலத்தில் கார் நிறுத்திய கராஜ்.

இப்படி ஒரு பகுதியை ஏன் பிரிக்கிறார்கள்? நான் பார்த்த வீடுகள் பலவற்றில் காரணம் ஒன்றாகவே இருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். வாப்பா மௌத்தாகிவிட்டார். பெரிய வீட்டில் உம்மா தனியே. ஓய்வூதியம் போதாது, அல்லது ஓய்வூதியமே இல்லை. அந்த அனெக்ஸின் வாடகைதான் அவரது மருந்துச் செலவு, மின்சாரக் கட்டணம், எல்லாம். வாடகை கேட்பவரை இரக்கமற்றவர் என்று நினைக்கும் முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அது இரண்டு மாதத் தங்குமிடம். அவருக்கு அது உழைக்கும் ஒரு மகன் மாதிரி.

பதினொரு வாசல்கள்

நானும் என் மச்சானும் நான்கு நாட்களில் பதினொரு வீடுகள் பார்த்தோம். மூன்று புரோக்கர் மூலம், மற்றவை தெரிந்தவர் சொல்லியும் விளம்பரம் பார்த்தும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகையைக் கொமிஷனாகக் கேட்பது பரவலான வழக்கம். எனவே தொடக்கத்திலேயே அதைப் பேசி முடித்துவிடுங்கள்.

பார்த்த வீடுகளில் நான்கு எங்களுக்குப் பொருந்தவில்லை. ஒன்றில் குளியலறைக்குப் போக முற்றத்தைக் கடக்க வேண்டும். அந்த முற்றத்தில்தான் வீட்டுக்காரரின் பையன்கள் கெரம் விளையாடுவார்கள். ஒன்று அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழ். பகலில் அடுப்பு மாதிரி. ஒன்று கடலோர ஒழுங்கையில். காற்று அருமை. ஆனால் உப்புக் காற்றில் யன்னல் கம்பி முதல் காஸ் அடுப்பு வரை துருப்பிடித்திருந்தது. ரயில் போகும்போது கட்டிலும் சேர்ந்து அசைந்தது. இன்னொன்று மூன்றாம் மாடி, படி மட்டும்தான்.

மிகுதி ஏழு வீடுகளில் ஆறு, வீடு எங்களுக்குப் பிடித்தும் கிடைக்காதவை. எல்லாம் சரியாகப் பேசி முடியும் தறுவாயில், "யாருக்கு வைத்தியம்? என்ன வருத்தம்?" என்று கேட்பார்கள். மஹரகம என்று சொன்னதும் முகம் மாறிவிடும். ஒருவர் நேராகவே சொன்னார், ஒரு வருடத்திற்குக் குறைந்து கொடுப்பதில்லை என்று. அது நியாயமான பதில். இன்னொருவர் மறுநாள் பதில் சொல்வதாகச் சொன்னார். தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஓர் அம்மையார் மெதுவாகக் கேட்டார்: "இந்த வருத்தம் தொத்துமா மகள்? எங்கட வீட்டுல சின்னப் புள்ளைகள் ஈக்குது." தொற்றாது என்று சொன்னேன். கதிர்ச் சிகிச்சை பெறுபவரின் உடம்பிலிருந்து ஏதும் வருமா என்று கேட்டார். வெளியே இருந்து இயந்திரத்தால் கொடுக்கும் சிகிச்சை அது, முடிந்ததும் உடம்பில் கதிர் தங்குவதில்லை, குழந்தையைத் தூக்கி வைத்துக் கொண்டிருக்கலாம் என்று விளக்கினேன். தலையாட்டினார். வீடு மட்டும் தரவில்லை.

சகோதரிகளே, இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. புற்றுநோய் தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குளியலறையைப் பாவிப்பதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ அது ஒருவரிலிருந்து மற்றவருக்கு வராது. படித்த வீடுகளிலும் இந்த அச்சம் இருப்பதை நான் கண்ணால் கண்டேன். பெயரைச் சொல்லவே பயந்து 'அந்த வருத்தம்' என்று கிசுகிசுக்கும் நம் பழக்கமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பெயர் சொல்லிப் பேசாத நோயைப் பற்றிச் சரியான விடயத்தை எப்படி அறிந்து கொள்வது?

வேறு விதமான தயக்கமும் உண்டு. யுத்த காலத்தில் கொழும்பில் வெளியூர்க்காரரைத் தங்க வைத்தால் பொலிஸில் பதிய வேண்டும். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழ் மக்களை பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிறகு 2019ஆம் ஆண்டு ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின், எங்கள் சமூகத்தவர் வீடு கேட்டுப் போன இடங்களில் கதவுகள் மூடப்பட்ட கதைகளைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். யாரோ செய்த பாவத்திற்கு, சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பம் வாடகை வீட்டு வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்பதைத் தமிழரும் அறிவர், நாமும் அறிவோம். ஆகவே அடையாள அட்டைப் பிரதி, ஊர்க் கிராம உத்தியோகத்தரின் கடிதம், வைத்தியசாலைக் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். கேட்கும் முன் எடுத்துக் காட்டினால் பாதித் தயக்கம் போய்விடும்.

பதினோராவது வாசல், நெடிமாலப் பக்கம் ஓர் ஒழுங்கையில். வீட்டுக்காரர் ஒரு வயதான ஹாஜியானி. "வாங்க மகள், முதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். விடயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எத்தின மாசம் நிக்கிற?" என்று மட்டும் கேட்டார். இரண்டு அல்லது மூன்று என்றேன். "மூணு எண்டு வெச்சுக் கொள்ளுங்க. முந்தி முடிஞ்சா முந்திப் போங்க. அல்லாஹ் முந்தி முடிச்சுத் தரட்டும்" என்றார். அன்று மாலையே சாவி எங்கள் கைக்கு வந்தது.

பணமும் பத்திரமும்

பணம் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். கொழும்புப் புறநகரில் ஆறு மாத அல்லது ஒரு வருட முற்பணம் கேட்பது சாதாரணம். மாதம் 40,000 ரூபா வாடகை என்று ஒரு கணக்குக்கு வைத்துக் கொள்வோம். ஆறு மாத முற்பணம் 240,000 ரூபா. புரோக்கர் கொமிஷன் 40,000. வீட்டுக்குள் காலடி வைக்கும் முன்பே 280,000 ரூபா வேண்டும். வைத்தியத்திற்கு ஊரில் நகையை ஈடு வைத்து வந்த குடும்பம் இதை எப்படிச் சமாளிக்கும்? எனவே இரண்டு விடயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். முற்பணம் மாத வாடகையில் கழியுமா, அல்லது கடைசியில் முழுமையாகத் திருப்பித் தரப்படுமா? முன்கூட்டியே வீட்டை விட்டால் மிகுதி கிடைக்குமா? 'முற்பணம்' என்ற ஒரே சொல்லை இருவர் இரு விதமாக விளங்கிக் கொள்வதுதான் பிறகு வரும் சண்டைகளுக்கு வேர்.

அடுத்தது பத்திரம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் பேசப்படும் ஒரு பழைய சட்டம். அதன்படி, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். நடைமுறையில் பலரும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பம் இட்டுவிடுகிறார்கள். நீண்ட காலத்திற்கு எடுப்பவர்கள் நொத்தாரிசிடம் போவதே நல்லது. இரண்டு மூன்று மாதங்களுக்கு எடுப்பவர்கள் குறைந்தபட்சம் கொடுத்த ஒவ்வொரு சதத்திற்கும் பற்றுச்சீட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆனே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு இருப்போரைப் பலமாகப் பாதுகாத்தது. ஏழைக் குடியிருப்பாளரைத் தெருவில் விடாமல் காத்தது அதன் நன்மை. ஆனால் குறைந்த வாடகையில் பல்லாண்டுகள் இருந்துகொண்டு வெளியேற மறுத்தவர்களின் கதைகளும், அதற்காக நீதிமன்றத்திற்கு நடந்து முதுமையடைந்த வீட்டுக்காரர்களின் கதைகளும் கொழும்பில் ஏராளம். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் இன்று ஒரு வருடத்திற்கு மேல் எழுதித் தர மறுக்கிறது.

மூன்றாவது, மானி. அனெக்ஸுக்குத் தனி மின்மானி உண்டா என்று பாருங்கள். நம் நாட்டில் வீட்டு மின்சாரத்திற்கு, பாவிக்கும் அலகுகள் கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மானியில் இருந்தால், இரு குடும்பங்களின் பாவனையும் சேர்ந்து உயர்ந்த விலைப் படிக்குப் போய்விடும். அப்போது நீங்கள் தனியாகப் பாவித்திருந்தால் வந்திருக்கும் தொகையைவிட அதிகம் கொடுக்க வேண்டி வரும். துணை மானி பொருத்தியிருந்தால் குடிபுகும் நாளிலேயே அதன் இலக்கத்தை இருவரும் பார்த்து எழுதிக் கொள்ளுங்கள். தண்ணீருக்கும் இப்படியே.

நான்காவது, அடுப்பு. 2022ஆம் ஆண்டு காஸ் தட்டுப்பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஊரில் முற்றத்தில் விறகு மூட்டினோம். அனெக்ஸில் முற்றமும் இல்லை, புகை போக வழியும் இல்லை. ஹாஜியானி அந்த நாட்களைப் பற்றிச் சொன்னார்: அப்போது அனெக்ஸில் இருந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து தன் பின்வளவில் மூன்று கல் வைத்துச் சோறாக்கினாராம். ஒரு மின்சார அடுப்பையும் கைவசம் வைத்திருங்கள். ஆனால் அறையின் வயர் அதைத் தாங்குமா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

அந்த அறையில் எங்கள் நாட்கள்

அறை பன்னிரண்டு அடிக்குப் பதினான்கு. இரண்டு கட்டில், ஓர் அலுமாரி, மூலையில் கொங்கிரீட் தட்டு ஒன்றும் கைகழுவும் தொட்டியும். அதுதான் குசினி. ஒரு யன்னல் பக்கத்து வீட்டு மதிலைப் பார்க்கும். இன்னொன்று ஹாஜியானியின் கறிவேப்பிலை மரத்தைப் பார்க்கும். கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டோம். "கடல் பக்கம் பாருங்க, பொறகு கொஞ்சம் வடக்கால திரும்புங்க" என்றார். இலங்கையின் மேற்குக் கரையில் திசை காண இதைவிட எளிய வழி இல்லை.

முதல் இரவு ராத்தாவுக்கு நித்திரை வரவில்லை. சுபஹுக்கு முன் எங்கோ ஒரு பெரிய உறுமல். நான் பயந்து எழுந்தேன். மிருகக்காட்சிசாலைச் சிங்கம்! சற்று நேரத்தில் பள்ளிவாசல் பாங்கு. "ஊருல சேவல் கூவும், இங்க சிங்கம் கூவுது" என்றாள் ராத்தா. சத்திர சிகிச்சைக்குப் பின் அவள் வாயிலிருந்து வந்த முதல் பகிடி அது.

பாஷையும் ஒரு வேடிக்கை. நாங்கள் 'ராத்தா' என்று அழைப்பதை அங்கே 'தாத்தா' என்கிறார்கள். ஹாஜியானியின் பேரப்பிள்ளை வந்து "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டபோது, எந்தக் கிழவரைக் கூப்பிடுகிறது என்று ராத்தா சுற்றிப் பார்த்தாள்.

காலை ஆறரைக்கு பஸ் எடுப்போம். உட்கார இடம் கிடைக்காத நாட்களும் உண்டு. மூன்றாம் வாரத்திலிருந்து ராத்தாவுக்குக் களைப்பு அதிகம். சிகிச்சை பெறும் இடத்தில் தோல் சிவந்து எரியத் தொடங்கியது. வைத்தியசாலையில் உடம்பில் இட்ட குறிகள் அழியாமல் குளிக்க வேண்டும். இறுக்கமான உடுப்பு கூடாது, தளர்வான பருத்தித் துணிதான். அப்படியானால் அறைக்குள் காற்று வேண்டும், கதவைப் பூட்டிக் கொண்டு முந்தானை இல்லாமல் சற்று இருக்க இடம் வேண்டும். உறவினர் வீட்டு மண்டபத்தில் இது முடியுமா? தனி அறை என்பது நோயுற்ற ஒரு பெண்ணுக்கு ஆடம்பரம் அல்ல என்பதை அந்த வாரங்களில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

ஒழுங்கையின் எதிர் வீட்டில் ஒரு சிங்களப் பெண் இருந்தார். ஒரு நாள் பஸ் தரிப்பில் ராத்தா மதிலில் சாய்ந்து நிற்பதைக் கண்டார். அவருக்கும் தமிழ் தெரியாது, எங்களுக்கும் சிங்களம் அரைகுறை. "மஹரகமவா?" என்று கேட்டார். ஆம் என்றோம். தன் நெஞ்சில் கை வைத்து, "மமத்" என்றார். 'நானும்தான்' என்று அர்த்தம். எட்டு வருடத்திற்கு முன்னராம். அதன்பின் கிழமையில் இரண்டு நாள் தன் மகனின் முச்சக்கர வண்டியில் எங்களை ஏற்றி அனுப்பினார். டீசல் காசு கொடுத்தாலும் மகன் வாங்கவில்லை. ராத்தாவுக்கு அந்த வண்டியைவிட, எதிரே நின்ற அந்த எட்டு வருடம் பெரிய மருந்தாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஹாஜியானி எங்களுக்கு ஒரு சஹன் நிறையச் சோறு அனுப்புவார். ராத்தாவால் இரண்டு பிடிக்கு மேல் உண்ண முடியாது. மீதியை நான் உண்பேன். ஊரில் விட்டுவந்த பிள்ளைகளோடு ராத்தா மாலையில் தொலைபேசியில் பேசுவாள். பேசி முடித்ததும் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்துக் கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் ஹாஜியானி ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லிக் கொண்டு வருவார். "மகள், இந்த ஊசில நூல் கோத்துத் தாங்க, எனக்குக் கண் தெரியிதில்ல" என்பார். பத்து நாளில் எத்தனை ஊசி கோத்திருப்பாளோ தெரியாது.

ஒன்பதாவது வாரம் நாங்கள் வீட்டை ஒப்படைத்தோம். மானியைப் பார்த்துக் கணக்கு முடித்தோம். மூன்று மாதத்திற்குப் பேசிய பணத்தில் மிஞ்சிய நாட்களின் வாடகையை ஹாஜியானி எண்ணித் திருப்பித் தந்தார். வேண்டாம் என்றேன். "அது உங்கட சல்லி" என்று கையில் வைத்து அழுத்தினார். ராத்தா இப்போது ஊரில் இருக்கிறாள். கிளினிக்குக்குக் குறித்த திகதிகளில் போய் வருகிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

வீடு வைத்திருக்கும் சகோதரிகளுக்கு

இதுவரை வீடு தேடுபவர்களுக்காக எழுதினேன். இப்போது கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும், பெரிய வைத்தியசாலைகளுக்குக் கிட்டிய ஊர்களிலும் வீடு வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்.

உங்கள் அனெக்ஸை இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். அது உங்கள் வருமானம் என்பதை நேரில் கண்டவள் நான். ஆனால் ஒரு குடியிருப்பாளர் போய் அடுத்தவர் வரும் வரையில் அந்த அறை சில வேளை ஒன்றிரண்டு மாதங்கள் பூட்டிக் கிடக்கிறது. அந்த மாதங்களை, நியாயமான வாடகைக்கு, மாதத்துக்கு மாதம் பணம் வாங்கிக் கொண்டு, வைத்தியத்திற்கு வரும் ஒரு குடும்பத்திற்குக் கொடுக்கலாமே. உங்களுக்கும் நட்டமில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டைவிட விளக்கு எரியும் வீடு பாதுகாப்பும் கூட.

யாரை நம்புவது என்ற கேள்வி வரும். வைத்தியசாலைக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்துடன் தொலைபேசியில் பேசிப் பாருங்கள். முஸ்லிம் குடும்பம்தான் என்றும் இல்லை. மஹரகமவுக்கு வவுனியாவிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். தெஹிவளை, களுபோவிலை, மஹரகமப் பகுதிப் பள்ளிவாசல்களின் அறிவித்தல் பலகைகளில் 'வைத்தியத்திற்கு வருவோருக்குக் குறுகிய கால அறை உண்டு' என்று ஒரு வரி எழுதித் தொங்கவிடுவதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை. ஒரு தாளும், பெண்கள் பேசக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கமும் போதும். எங்களுக்கு அப்படி ஒரு தாள் கண்ணில் பட்டிருந்தால் பத்து வாசல்களில் நின்றிருக்க மாட்டோம்.

அடுத்த முறை உங்கள் வாசலில் ஒரு பெண் வந்து, தயங்கித் தயங்கி, "மஹரகமவுக்குப் போய்வர ஓர் அறை..." என்று தொடங்கினால், உங்களால் கொடுக்க முடியாமல் இருக்கலாம். அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் முதலில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள். உங்களிடம் இல்லையென்றால், கொடுக்கக் கூடியவர் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டின் பெயரையாவது சொல்லி அனுப்புங்கள்.